என் மனைவி செய்யாத வேண்டுதல்

எங்கள் ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருத்தணியில் எந்த நாளிலும் எந்தத் தெருவிலும் சந்தனம் பூசிய தலைகள் எதிரே வந்துகொண்டே இருக்கும். ஆண், பெண், கைக்குழந்தை, பல் விழுந்த கிழவி என்ற வித்தியாசம் இல்லை. ஏன் என்று கேட்பாரும் இல்லை. வேண்டுதல், அவ்வளவுதான். வேறு ஊரில் ஒரு தகப்பன் தன் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு மொட்டை போட்டிருந்தால் அக்கம்பக்கத்தில் ஒருவராவது காரணம் கேட்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியையாவது அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருப்பார். எங்கள் ஊரில் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நான் செய்ததை இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தது என் சாமர்த்தியம் மட்டுமல்ல, இந்த ஊரின் வழக்கமும்தான்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் கல்வி உளவியல் நடத்தினேன். முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுகப் பாடம். மனிதன் எப்படிக் கற்கிறான், குழந்தை எப்படி வளர்கிறது, ஒரு பழக்கம் எப்படி ஒட்டிக்கொள்கிறது, எப்படி விட்டுப்போகிறது. மணியோசை கேட்டதும் எச்சில் ஊறும் நாயை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் வரைவேன். எனக்கு நாய் வரவே வராது, ஆடு மாதிரி இருக்கும். "சார், இது நம்ம மலையாண்ட மேயற ஆடா சார்?" என்று பின் பெஞ்சிலிருந்து யாராவது கேட்பார்கள். வகுப்பு சிரிக்கும், நானும் சிரிப்பேன். வெளியில் நான் கலகலப்பான ஆள். வீட்டில் பேச்சை அளந்து கொடுப்பவன்.

என் நைனா பொதட்டூர்பேட்டையில் தறி நெய்தவர். எடுத்ததற்கெல்லாம் கை நீட்டுவார். என் குழந்தையை ஒருநாளும் அடிக்க மாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தேன், அடித்ததும் இல்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அடிக்குப் பதிலாக என்னிடம் பாடம் இருந்தது. எங்களுக்கு ஒரே பெண். அவளுக்காகச் சமையலறைக் கதவில் மாத நாள்காட்டி ஒன்றை மாட்டினேன். சொன்னபடி நடந்த நாளின் கட்டத்தில் நீல மையில் ஒரு 'சரி' போடுவேன். நடக்காத நாளின் கட்டம் காலியாக இருக்கும், அன்று அவளோடு பேசவும் மாட்டேன். நல்ல நடத்தைக்கு வலுவூட்டு, கெட்ட நடத்தைக்குக் கவனம் தராதே, தானாக மறைந்துபோகும் என்றது பாடம். பாடம் நிமிடக் கணக்கில் சொன்னதை நான் நாள் கணக்கில் செய்தேன்.

அவள் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டு, காலாண்டுத் தேர்வின் கணக்குத் தாளை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, "இன்னும் குடுக்கலை நைனா" என்றாள். தாள் என் கையில் கிடைத்தது. மதிப்பெண் குறைவு என்பதை மன்னித்திருப்பேன் என்றுதான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய் சொன்னதுதான் குற்றம். பேச்சை நிறுத்தினேன். ஆயுத பூஜை வந்து போனது. தினமும் சாயங்காலம் காபியைக் கொண்டுவந்து என் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "நைனா, காபி" என்று சொல்லி நிற்பாள். நான் டம்ளரை எடுத்துக்கொள்வேன். அவளைப் பார்க்க மாட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். அந்தக் கொஞ்ச நேரம் ஒவ்வொரு நாளும் நீண்டுகொண்டே போனதை நான் கவனித்தேன். சிகிச்சை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

தீபாவளிக் காலையில் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்து காலில் விழுந்தாள். ஆசீர்வாதம் செய்யத் தலையில் கை வைத்தேன். வாய் திறக்கவில்லை. வைத்த கையின் கீழே, உச்சிக்குச் சற்றுப் பின்னால், முடி இல்லாத வழுவழுப்பு தட்டுப்பட்டது. விலக்கிப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் தோல். சுற்றிலும் அரையும் குறையுமாக முளைத்த முடி. அவள் குனிந்தபடியே இருந்தாள். என் மனைவி இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, அவ கிட்ட ஒரு வார்த்த பேசுங்க. நீங்க பேச மாட்டேங்கறீங்கன்னுதான் கொழந்த உக்காந்து உக்காந்து முடியப் புடுங்கிகினு கீது."

"அது நரம்புப் பழக்கம். நகம் கடிக்கற மாதிரி. உனக்கு அதெல்லாம் புரியாது."

"எனக்கு இன்னா புரியணும்? என் புள்ள தலையில ஓட்ட கீது. அது புரியுது."

அவள் எட்டாவதோடு நின்றவள். நான் முதுகலை இரண்டு படித்தவன். அன்று வீட்டில் உளவியல் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், அது நான் இல்லை. இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

முடி பிடுங்கும் பழக்கத்துக்கு என் பாடநூலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, நகம் கடித்தலோடும் விரல் சப்புவதோடும் சேர்த்து. காரணம் பற்றி அதில் எதுவும் இல்லை, நானும் தேடவில்லை. மேசைமுன் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன்: தூண்டல், கைக்கு அகப்படும் முடி. துலங்கல், பிடுங்குதல். தூண்டலை நீக்கினால் துலங்கல் நிற்கும். சில மாதங்களில் பழக்கம் மறக்கும். பிறகு முடி வளரட்டும். எழுதிய பிறகு எனக்கு ஏற்பட்ட திருப்தி இப்போதும் நினைவில் இருக்கிறது. கணக்கு சரியாக வந்தவனின் திருப்தி.

ஆனால் பாடத்தில் இன்னொரு வரியும் உண்டு. தண்டனையின் தீமைகளைப் பட்டியலிடும்போது ஆண்டுதோறும் நானே சொல்லுவேன்: தண்டனை தருபவரைக் குழந்தை வெறுக்கத் தொடங்கும். பதின்மூன்று வயதுப் பெண்ணின் தலையை மழிப்பது அவளுக்குத் தண்டனையாகத்தான் தெரியும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. வெறுப்பு வரும். அது என்மேல் வரக்கூடாது. அவள் படிப்பும் ஒழுக்கமும் என் சொல்லில்தான் நிற்கின்றன என்று நம்பினேன். ஆகவே வெறுப்பு போய் விழுவதற்கு வேறோர் இடம் தேடினேன். வீட்டில் இருந்தது இன்னும் ஒரே ஒருத்திதான்.

மறுநாள் காபி வந்தது. "நைனா, காபி." நான் டம்ளரை எடுக்காமல் அவளைப் பார்த்தேன்.

"நாளைக்குக் காலைல மலைக்குப் போறோம்."

ஐந்து வாரத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் முகம் மலர்ந்தது. எங்கே, எதற்கு என்பதெல்லாம் அவளுக்கு முக்கியமில்லை. நைனா பேசிவிட்டார்.

"நானுமா நைனா?"

"உனக்காகத்தான். ரெண்டு வயசுல நீ ஜுரத்துல கெடந்தப்போ உங்க அம்மா உன் முடிய வேண்டிக்கினா. தள்ளிப் போட்டுகினே வந்துட்டோம். இனிமே வைக்கக் கூடாது."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அதற்குள் நான் சொன்னதன் பொருள் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கை தானாகத் தலைக்குப் பின்னால் போயிற்று. பிறகு சமையலறைக்கு ஓடினாள்.

"நீயாம்மா வேண்டிக்கினே?"

நானும் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றேன். என் மனைவி மாவு வழியும் கையோடு திரும்பினாள். மகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். நான் சொல்லப்போவது என்ன என்று காத்திருப்பது போலப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

"ஆங்," என்றாள். "நான்தான்."

அன்று ராத்திரி மகள் தூங்கிய பிறகு என் மனைவி என்னிடம் சொன்னாள்: "சாமி பேரச் சொல்லிட்டீங்க. இனிமே நான் வேண்டிக்கலன்னு சொன்னா, முருகனில்ல பொய்யாயிடுவாரு? அதனாலதான் ஆமான்னேன். அப்பவே ஜன்னலாண்ட போய் மலையப் பாத்து வேண்டிக்கினேன். இப்போ அது பொய் இல்ல. ஆனா நீங்க இன்னா பண்ணீங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

அந்த மாதத்திலிருந்து சாகும்வரை ஒவ்வொரு கிருத்திகையும் அவள் விரதம் இருந்தாள். எதற்கு என்று மகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த நாட்களில் என் சாப்பாட்டை அவளைப் பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டேன்.

மலைமேல் மொட்டை போடும் மண்டபத்தில் அன்று கூட்டம் அதிகமில்லை. பூக்கடைக்காரர் ஒருவர் வழியிலேயே பிடித்துக்கொண்டார். "வாத்தியார் வூட்ல வேண்டுதலா? நல்லது நல்லது. கவலப்படாத பாப்பா, முருகனுக்குக் குடுத்தா ரெண்டு மடங்கா வளரும்." என் மகள் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். மண்டபத்தில் சவரக்காரர் அவள் பின்னலை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்தபோது உடம்பு உதறத் தொடங்கியது. "ஆடாத பாப்பா," என்றார் அவர். "ஆடுனா காதும் சேந்து வந்துடும். காதுக்கு டோக்கன் குடுக்கல." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கத்தி உச்சிக்குப் பின்னால் வந்ததும் அவர் கை ஒரு கணம் நின்றது. அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆயிரக்கணக்கான தலைகளைத் தொட்ட கை. அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. ஒன்றும் கேட்காமல் வேலையை முடித்தார்.

என் மனைவி சந்தனம் வாங்கி வைத்திருந்தாள். பூச வந்தவளின் கையை மகள் தட்டிவிட்டாள். "நீ தொடாத." சந்தனம் தரையில் விழுந்தது. என் பக்கம் வந்து நின்றுகொண்டாள். நான்தான் பூசினேன். மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து, குளிர்ச்சியாக, பொறுமையாக, காதோரம் வரை பூசினேன். கீழே இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முந்நூற்றுச் சொச்சம் படியும் பிடித்த கையை விடவில்லை. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுவது அன்று செய்ததற்காக அல்ல. அந்தப் படிகளில் இறங்கும்போது நான் சந்தோஷமாக இருந்ததற்காக.

பள்ளியில் அவளைச் 'சாமியாரம்மா' என்று கூப்பிட்டார்கள். ஆண்டு விழா நடனத்தில் பேர் கொடுத்திருந்தாள், எடுத்துவிட்டார்கள். முடி வளர்ந்தது. பிடுங்கவில்லை. வழுக்கை இருந்த இடத்திலும் கொஞ்சம் மெல்லிசாக முளைத்தது. நான் வென்றுவிட்டேன். அடுத்த ஆண்டிலிருந்து அதை வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லத் தொடங்கினேன். 'எனக்குத் தெரிந்த ஒரு பெண் குழந்தை' என்று ஆரம்பிப்பேன். தூண்டல், துலங்கல், நீக்கம், முடிவு என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். மாணவர்கள் பரீட்சையில் அதை அப்படியே எழுதினார்கள். மதிப்பெண் போட்டேன்.

ஒருமுறை, ஆர்.கே.பேட்டையிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து படித்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், அந்தப் பொண்ணு ஏன் சார் புடுங்கிச்சு?"

"அது நமக்குத் தேவையில்லம்மா. நடத்தை மாறிச்சா இல்லையா, அதுதான் கேள்வி."

"இல்ல சார், வூட்ல யாராச்சும் கேட்டாங்களா சார், அது கிட்ட?"

"உக்காரு. நேரமாச்சு."

உட்கார்ந்தாள். நோட்டில் ஒன்றும் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாணவியின் அகமதிப்பீட்டில் இரண்டு மதிப்பெண் குறைத்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் என் மனைவி மகளுக்கு எண்ணெய் வைப்பதும் பின்னிவிடுவதும் அந்த மொட்டையோடு முடிந்தது. முடி வளர்ந்த பிறகும் அவள் அம்மாவைத் தலையில் கைவைக்க விடவில்லை. தானே வாரிக்கொண்டாள். படிப்பு, விடுதி, சென்னையில் வேலை, கல்யாணம் என்று வருஷங்கள் போயின. தினமும் எனக்குப் போன் செய்வாள். மாத்திரை போட்டியா நைனா, முட்டி எப்படி இருக்கு நைனா. "அம்மா கிட்ட குடுக்கட்டுமா?" என்று கேட்பேன். "வேணாம் நைனா, அப்பறம் பேசறேன்." பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பவள் தலை நிமிராமல், "நல்லாக் கீறாளாமா?" என்று மட்டும் கேட்பாள். பெண் குழந்தைகளுக்குத் தகப்பன்மேல்தான் ஒட்டுதல் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதை அனுபவித்தேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மருதாணி வைக்கும்போதுதான் மகளின் பாதங்களை என் மனைவி பார்த்திருக்கிறாள். குதிகாலிலும் விரல் ஓரங்களிலும் தோலை உரித்து உரித்துப் புண்ணாகிக் காய்ந்த தழும்புகள், அதன்மேல் புதிய புண்கள். வீட்டிலும் காலுறை போட்டுக்கொண்டே அவள் நடந்ததற்கு அதுதான் காரணம். என்னிடம் வந்து சொன்னாள்: "முடிய உட்டுட்டு காலப் புடுங்கிகினு கீது. எத்தினி வருசமோ தெரில."

"பித்தவெடிப்பா இருக்கும்," என்றேன்.

ஒரு பழக்கத்தின் வாசலை அடைத்தால், அதற்குப் பின்னால் இருக்கும் பயம் வேறு வாசல் தேடிக்கொள்ளும். இதுவும் அறிமுகப் பாடத்தில் வருவதுதான். நான்தான் அதை நடத்தினேன். பித்தவெடிப்பு என்று சொல்லும்போது எனக்கு அது பித்தவெடிப்பு அல்ல என்று தெரியும். அடுத்த வாரமும் வகுப்பில் அந்தப் பெண் குழந்தையின் கதையைச் சொன்னேன்.

போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் என் மனைவி இறந்தாள். சிறுநீரகம். கடைசி நாட்களில் மகள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம், கட்டில் ஓரத்தில் குனிந்து போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தவளின் தலையை நோக்கி என் மனைவி கையைத் தூக்கினாள். ஊசி குத்தியிருந்த கை, மெதுவாகத்தான் வந்தது. மகள் சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள். யோசித்துச் செய்தது இல்லை, உடம்பு தானாக நகர்ந்தது. நான் மணியும் நாயும் வரைந்து விளக்கியது அதைத்தான். கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டுப் போர்வைமேல் இறங்கியது. நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும். அவளுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மலையேறக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த ஒரு வருஷமும் எனக்குக் கிடைத்தது. தினமும் போனில் பேசினோம். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட நினைத்தேன். ஒவ்வொரு நாளும் மாத்திரை, முட்டி, மழை என்று பேசிவிட்டு வைத்தேன். இருப்பது அவள் ஒருத்திதான், அவளும் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை.

வருஷத் திதி முடிந்த மறுவாரம் காலை மின்சார ரயிலில் வந்து இறங்கினாள். தனியாகத்தான் வந்திருந்தாள். கைப்பையை வைத்துவிட்டு, "நைனா, இன்னிக்கு மலைக்குப் போய்ட்டு வந்துடலாம்," என்றாள். "பூமுடி குடுக்கணும்." பெண்கள் மொட்டைக்குப் பதிலாக மூன்று கொத்து முடியை மட்டும் கத்தரித்துக் கொடுப்பதைப் பூமுடி என்போம்.

"என்ன வேண்டுதல்?"

"வேண்டுதல்லாம் இல்ல. அம்மாவ நான் மன்னிக்கவே இல்ல நைனா. ஒரு மொட்டைக்குப் போய் இத்தினி வருசம். ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்க. அம்மாவ மன்னிச்சுட்டேன்னு முருகன் கிட்ட சொல்லிட்டு, மூணு கொத்து குடுத்துட்டு வந்துடறேன். எனக்கும் பாரம் எறங்கும்."

நான் இட்லியைப் பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அவள் படியேறி வந்தாள், நான் ஆட்டோவில் மலைப்பாதை வழியாகப் போனேன். மண்டபம் இப்போது மாறியிருக்கிறது. ஓடு பதித்த தரை, மின்விசிறி, வரிசைக்குக் கம்பி. டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றாள். முன்னால் நான்கு பேர். நகரி பக்கத்திலிருந்து வந்திருந்த குடும்பம் ஒன்று குழந்தையின் அழுகையை அடக்கத் தெலுங்கில் கொஞ்சிக்கொண்டிருந்தது.

"நீ ஏன் நைனா நிக்கற? அப்படிப் போய் உக்காரு. அப்பறம் ராத்திரி முட்டி வலிக்குதுன்னு சொல்லுவே."

மூன்று பேர் ஆனார்கள். இரண்டு பேர் ஆனார்கள். செய்யாத ஒன்றுக்காக என் மனைவியை இவள் மன்னித்துவிட்டு வரப்போகிறாள். பாரம் இறங்கிய முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கப்போகிறாள். அந்தக் கையை இன்னொரு முறை என்னால் பிடிக்க முடியாது என்று தோன்றியது.

"உங்க அம்மா வேண்டிக்கல," என்றேன்.

"இன்னாது?"

"எட்டாவது படிக்கறப்போ போட்ட மொட்ட. அது அவ வேண்டுதல் இல்ல. நான் செஞ்சது. நீ முடி புடுங்கறத நிறுத்தறதுக்கு. உனக்கு என்மேல கோபம் வரக் கூடாதுன்னு அவ பேரச் சொன்னேன்."

அவள் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"அம்மாவே சொன்னாங்களே, நான்தான்னு."

"நான் வாசப்படியில நின்னுகினு இருந்தேன். சாமி பேரச் சொன்னப்பறம் இல்லன்னு சொல்ல அவளுக்குப் பயம். அப்பவே நிஜமாவே வேண்டிக்கினா, பொய்யாயிடக் கூடாதுன்னு. கிருத்திகை விரதம் அதுக்குத்தான்."

முன்னால் இருந்த பெண் எழுந்து போனாள். என் மகள் நகரவில்லை.

"ஆஸ்பத்திரில, கடைசில, அம்மா என் தலயத் தொட வந்தாங்க. நான் நவுந்துகினேன். நீ எதிர்லதான உக்காந்துகினு இருந்தே?"

"ஆங்."

"பாத்துகினு இருந்தே."

"ஆங்."

"அடுத்து யாரும்மா? வா வா," என்று சவரக்காரர் கூப்பிட்டார். இளைஞர். இவள் போய் மணையில் உட்கார்ந்தாள்.

"பூமுடிதான அக்கா?"

"இல்ல. மொட்ட."

"டோக்கன்ல பூமுடின்னு..."

"எல்லாத்தையும் எடுத்துடுப்பா."

அவர் என்னைப் பார்த்தார், நான்தான் ஏதாவது சொல்வேன் என்பது போல. மன்னிப்பதற்கு மூன்று கொத்து போதும் என்று வந்தவள். இந்த முறை உடம்பு உதறவில்லை. முடி இடுப்புவரை இருந்தது, இடையிடையே நரை. மடியிலும் தரையிலும் விழுந்தது. உச்சிக்குச் சற்றுப் பின்னால், பழைய இடத்தில், தோல் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது.

நான் வெளியே போய்ச் சந்தனம் வாங்கி வந்தேன். இலையில் வைத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பூச நான் கையை உயர்த்தினேன். பின்னால் நகர்ந்தாள்.

தானே பூசிக்கொண்டாள். நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும், காதோரங்களிலும். தலையின் பின்பக்கம் அவளுக்குத் தெரியவில்லை, அங்கே திட்டாக விட்டுப்போயிற்று. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நகரிக் குடும்பத்து அம்மாள் ஒருத்தி, வயதானவள், குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தாள். "இரும்மா, பின்னால உட்டுட்டே. அம்மா வர்லியா கூட?" என்று கேட்டுக்கொண்டே இலையிலிருந்து சந்தனத்தை வழித்து அவள் பின்தலையில் தடவினாள். என் மகள் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கை எடுக்கப்படும் வரை அப்படியே தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

படியிறங்கித் தனியாகப் போனாள். நான் மண்டபத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தபோது கைப்பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசையில் என் மாத்திரைகளை அந்த வாரத்துக்குப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. போன் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் 'மாத்திரை?' என்று ஒரு சொல் வரும். 'ஆச்சு' என்று பதில் போடுவேன். நான் அவளுக்குத் தந்த மௌனம் இது இல்லை. அன்று நான் இந்த ஒரு சொல்கூடக் கேட்காமல் இருந்தேன். போன வாரம் முதன்முறையாக ஒன்று கேட்டேன். பாதி வாழ்நாள் அதைப் பற்றியே பாடம் நடத்திய நான் ஒருநாளும் அவளிடம் கேட்காதது: 'கால் எப்படிம்மா இருக்கு? ஏன் உரிக்கறே?'

படித்துவிட்டாள். இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.